தோலிலிருந்து காகிதத்துக்கு

எங்கள் அம்மாச்சியின் இடது முன்கையில் ஒரு தேள் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி வைத்து இழுத்த சின்னக் கோலம் ஒன்று. மணிக்கட்டுப் பக்கம் ஏதோ ஒரு பூ. என்ன பூ என்று அவருக்கே தெரியாது. "கொறத்தி வந்து குத்துனா. வலி தெரியக் கூடாதுன்னு பாட்டுப் பாடிக்கிட்டே குத்துவா. எங்காத்தா ஒரு மரக்கா கேப்ப அளந்து குடுத்துச்சு" என்பார்.

நான் ஆறாவது படிக்கும்போது ஓவிய வாத்தியார், வீட்டில் இருக்கிற சாமி படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வரச் சொன்னார். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. எங்கள் சாமி ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு நட்டகல். அதை எப்படி வரைவது? அம்மாச்சியின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தேளை வரைந்தேன். மறுநாள் வாத்தியார் என் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "சாமிய வரையச் சொன்னா தேள வரைஞ்சிட்டு வந்திருக்கு. அதுங்க புத்தி அப்படித்தான் போகும்." தேளுக்காக நான் அழவில்லை. 'அதுங்க' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அழுதேன். அதற்குப் பிறகு நான் படம் வரையவில்லை. தமிழ் படிக்கப் போய்விட்டேன்.

வெகுகாலம் கழித்து, பீகாரில் ஜித்வார்பூர் என்ற கிராமத்துத் துசாத் பெண்களைப் பற்றிப் படித்தபோது அந்தத் தேள் மறுபடியும் ஊர்ந்து வந்தது. மதுபனி ஓவியம், மிதிலை ஓவியம் என்று அரசுக் கைவினைக் கடைகளில் சேலையிலும் தட்டியிலும் பார்க்கிறோமே, அந்த ஓவியத்தின் வரலாற்றுக்குள் ஒரு சேரியின் வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் சானோ தேவி என்ற ஒரு துசாத் பெண் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அவரிடம் நேராகப் போக முடியாது. அவருக்கு முன்னால் நிற்க வைக்கப்பட்டவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பழைய ஓவியங்களைப் பாதுகாப்பது என்றால் நம் மனதுக்கு வருவது என்ன? வெள்ளை அங்கி போட்ட நிபுணர், ஊசி, பஞ்சு, ரசாயனம். 1920இல் அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி என்பவரையும் ஓர்சினி என்பவரையும் வரவழைத்தது. அவர்கள் உதிர்ந்துகொண்டிருந்த சாந்தை ஒட்டவைத்தார்கள், நல்ல வேலை. மேலே அரக்கு வார்னிஷையும் பூசினார்கள். அந்தப் பூச்சு நாளாக ஆக மஞ்சளித்துப் பழுப்பேறி ஓவியத்தையே மறைத்தது. பிறகு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுப்பதில் கழித்தார்கள். ஓவியம் குகைச் சுவரில் இருந்தால் இத்தனை பேர் வருவார்கள். நிஜாம் வருவார், இத்தாலி வரும், அரசு வரும். அதே ஓவியம் ஒரு கூலிக்காரப் பெண்ணின் முழங்கையில் இருந்தால்? அந்தப் பெண் செத்தால் ஓவியமும் செத்தது. அதற்கு வார்னிஷ் பூச யாரும் வருவதில்லை. அந்த வேலையைத் தன் தெருவில் உட்கார்ந்தபடி ஒரு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு செய்தவர் சானோ தேவி. அவரை யாரும் 'பாதுகாப்பாளர்' என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

*

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரில் நிலம் நடுங்கியது. பீகாரில் மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது நம் பக்கம் ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசும்போது, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் அதைக் கண்டித்து எழுதினார். நமக்கு எழும் கேள்வி வேறு. தீண்டாமைக்குத் தண்டனை என்றால் தீண்டப்படாதவன் குடிசையும் ஏன் சேர்ந்து விழுந்தது? கடவுளுக்குக் குறி பார்க்கத் தெரியாதா?

அப்போது மதுபனியில் உட்கோட்ட அதிகாரியாக இருந்தவர் டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர். சேதம் பார்க்கப் போனவர், இடிந்து திறந்து கிடந்த வீடுகளுக்குள் சுவர் ஓவியங்களைப் பார்த்தார். வெளியாள் கண் படாத உள்ளறைகள் அவை. மணமக்களை முதன்முதலாகத் தங்கவைக்கும் 'கோபர்' அறையில் தாமரைக் கொடியும் மூங்கிலும் மீனும் ஆமையும் கிளியும் தெய்வங்களுமாகப் பெண்கள் எழுதிவைத்தவை. ஆர்ச்சருக்குப் பிக்காசோவும் க்ளீயும் மிரோவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். (வெள்ளைக்காரருக்கு எதைப் பார்த்தாலும் வெள்ளைக்காரர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.) பிறகு படங்கள் எடுத்து, 1949இல் 'மார்க்' இதழில் கட்டுரை எழுதினார். மிதிலை ஓவியம் உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அந்தக் கட்டுரையில் ஆர்ச்சர் ஓவியங்களைப் பிரித்தது சாதிவாரியாக. பிராமணப் பெண்களின் பாணி ஒன்று, காயஸ்தப் பெண்களின் பாணி ஒன்று. பிராமண வீடுகளில் வண்ணம் நிரப்பியது; காயஸ்த வீடுகளில் கோடு கோடாக இழைத்தது. கணக்கு இரண்டு சாதியோடு முடிந்துவிட்டது. துசாத், சாமார் தெருக்கள் அந்தக் கணக்கில் வரவேயில்லை. ஒருவர் செய்த சதி என்று இதைச் சொல்லமாட்டேன். ஓவியம் என்றால் சுவரில் இருக்கும், சுவர் என்றால் கல்யாண அறைச் சுவர், அந்த அறை 'பெரிய வீட்டில்' இருக்கும் என்ற பார்வை அது. பார்வையே வேலி போட்டுவிடும்.

*

அடுத்தது பஞ்சம். 1966இல் பீகாரில் மழை பொய்த்தது. 1967இல் அரசே பஞ்சம் என்று அறிவிக்கும் நிலை. கைவினைத் துறையில் அப்போது பொறுப்பிலிருந்த புபுல் ஜெயகர், பம்பாயிலிருந்து பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைகிற பெண்கள் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் விற்றுப் பணம் தரலாம், அடுப்பெரியும் என்பது திட்டம். கையால் செய்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு குல்கர்னி ஜித்வார்பூருக்கும் ராந்திக்கும் போனார். முக்காட்டுக்குப் பின்னால் இருந்த பெண்களை ஓர் ஆண் பிள்ளை போய்ப் பேசி வரைய வைப்பது லேசான காரியம் இல்லை. வீடு வீடாக நடந்தார். சிலர் இசைந்தார்கள். சீதா தேவி, ஜகதம்பா தேவி, சின்ன வயசுப் பௌவா தேவி என்று ஒரு வரிசை உருவானது.

குல்கர்னியை மட்டமாகப் பேச நான் தயாரில்லை. ஓவியம் கற்ற ஒருவர் ஒரு கிராமத்துக்குப் போய், 'இப்படி வரை' என்று சொல்லாமல், 'உனக்குத் தெரிந்ததை வரை' என்று சொல்லிக் காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது பெரிய பண்பு. நம்மூர்ப் பயிலரங்குகளில் இன்றுகூட அந்தப் பண்பைக் காணோம். சீதா தேவியின் சாதியையும் சொல்லியாகவேண்டும். அவர் மகாபாத்திரப் பிராமணர். சாவுக் காரியம் செய்து செத்தவர் பெயரால் தானம் வாங்குகிறவர்கள் என்பதால் மற்ற பிராமணர்களே அவர்களைக் கீழே வைத்தார்கள். பிராமணருக்குள்ளும் தீட்டுப்பட்ட பிராமணர். சாதி என்ற ஏணியில் எந்தப் படியும் சும்மா இருப்பதில்லை என்பதை அம்பேத்கர் நமக்கு விளக்கியிருக்கிறார்.

ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை. பஞ்சத்தில் முதலில் அடிபட்டது யார்? நிலமில்லாதவர்கள். வயலில் வேலை இல்லை என்றால் அன்றைக்கே உலை ஏறாதவர்கள். அவர்கள் துசாத் தெருவிலும் சாமார் தெருவிலும் இருந்தார்கள். பஞ்ச நிவாரணமாக வந்த காகிதம் போய்ச் சேர்ந்தது 'ஓவிய மரபு உள்ள' வீடுகளுக்கு. மரபு உள்ள வீடுகள் எவை என்பதை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஆர்ச்சரின் படங்கள் தீர்மானித்துவிட்டன. குல்கர்னிக்குச் சாதி வெறி இருந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. மரபு என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும். நம் ஊரில் 'பாரம்பரியக் கலை' என்று ஒரு அலுவலகத் தாளில் எழுதும்போது பறை அதில் எத்தனை காலம் இல்லாமல் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

*

துசாத் யார்? ஊர்க்காவல் காக்கும் சாதி என்று ஆவணங்கள் சொல்லும். சௌகிதார் வேலை. ஊரைக் காப்பான், ஊருக்குள் சமமாக நிற்க முடியாது. பின்னால் பாஸ்வான் என்ற பெயர் வந்தது. சந்திரனையும் சூரியனையும் விழுங்குகிற ராகு இவர்களின் தெய்வம். பூசையில் பூசாரி நெருப்பில் நடப்பார். மேல்சாதிக்குக் கிரகணம் பிடிக்கும் தீமை எதுவோ அது இவர்களுக்குச் சாமி. நம் தெருக்களின் தீமிதியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

இவர்களின் வீரன் ராஜா சல்ஹேஷ். யானை மேல் வருகிறவன். தம்பி மோதிராம், புதேசர். மருமகன் காரிகன்ஹா. பூந்தோட்டத்து மாலினிப் பெண்கள் அவன்மேல் காதல் கொண்டவர்கள். அரண்மனைக்குக் காவல் நின்றவன் மேலேயே திருட்டுப் பழி விழுகிறது, சிறைப்படுகிறான், ஒரு மாலினிதான் உண்மைத் திருடனைக் கண்டுபிடித்து மீட்கிறாள். இரவெல்லாம் பாடுவார்கள். நேபாளத்தின் சிராஹாவில் சல்ஹேஷின் பூந்தோட்டம் இருக்கிறது. நேபாளப் புத்தாண்டு நாளில் அங்கே ஒரு மரத்தில் மாலை போலப் பூ பூக்கிறது, மாலினிதான் பூவாக வருகிறாள் என்று திருவிழாவுக்குக் கூட்டம் கூடுகிறது. நம் காத்தவராயனும் மதுரை வீரனும் காவல்காரர்களாகவே நிறுத்தப்பட்டார்கள், பழி சுமந்தார்கள். இவனாவது பழியிலிருந்து மீண்டான்.

அந்த வீட்டுப் பெண்களின் கையிலும் காலிலும் பச்சை இருந்தது. அவர்கள் மொழியில் 'கோத்னா'. நட் என்ற நாடோடிச் சாதிப் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்திவிட்டுப் போவார்கள். விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் ஏற்றுவது. நகையைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், அடகு வைக்கலாம், சாவில் உருவிக்கொள்ளலாம். பச்சையை யாரும் உருவ முடியாது, செத்தவளோடு போவது அது ஒன்றுதான் என்ற நம்பிக்கை இந்தியா முழுக்கப் பெண்களிடம் உண்டு. அம்மாச்சியும் இதையே வேறு மாதிரிச் சொல்வார்: "சேட்டு கடைக்குப் போகாத நகைடா இது."

நம் பக்கத்துச் செய்முறையை எட்கர் தர்ஸ்டன் 1906இல் எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியில் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, பானையில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குறவர் பெண்கள் குத்துவார்கள் என்கிறார். மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்து சாதிக்குச் சாதி குறித்துக்கொண்ட மனிதர்தான். இருந்தாலும் அகத்தி இலையைக் குறித்து வைத்தார் என்பதற்காக ஒரு நன்றி.

*

1970களில் ஜித்வார்பூரில் மேல்சாதிப் பெண்கள் காகிதத்தில் வரைவதும் அதற்குப் பணம் வருவதும் பக்கத்துத் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? துசாத் பெண்களும் சாமார் பெண்களும் வரையத் தொடங்கினார்கள். முதலில் பார்த்து வரைந்தார்கள். ராமன், சீதை, கிருஷ்ணன். எது விற்கிறதோ அது. நான் இதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பசிக்கு வரைகிறவரிடம் 'உன் அடையாளம் எங்கே' என்று கேட்பது வயிறு நிறைந்தவன் கேட்கும் கேள்வி.

எரிகா மோசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தக் காலத்தில் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார். அவர் துசாத் பெண்களிடம், உங்கள் கதையை, உங்கள் சாமியை, உங்கள் கையில் இருப்பதை வரையுங்கள் என்று தூண்டினார் என்பது பதிவாகியிருக்கிறது. அந்தத் தூண்டுதலைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு ஓவிய மொழியாக ஆக்கியவர் சானோ தேவி. ஒரு வரியில் கடந்துபோகிற அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

தோலில் இருப்பது ஓவியம் என்று முதலில் யாராவது நினைக்கவேண்டும். தன் சாதிப் பெண்கள் எல்லார் உடம்பிலும் இருப்பது, தினமும் பார்ப்பது, ஆகவே பார்க்காமலே விடுவது. அதை எடுத்துக் காகிதத்தில் வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். தோலில் ஊசி புள்ளியாகத்தான் இறங்கும். கோடு என்பது நெருக்கி வைத்த புள்ளிதான். சானோ தேவி விளக்குக் கரியை மையாக்கினார், மூங்கில் குச்சியைப் பேனாவாக்கினார். பச்சையில் வரும் பூ, மயில், மீன், மனித உருவம் இவற்றைச் சின்னச் சின்னதாக வரிசையாக அடுக்கினார். அல்லது நடுவில் ஒன்றை வைத்து அதைச் சுற்றி வட்டம் வட்டமாக அடுக்கினார். கோபர் அறை ஓவியத்தில் தெய்வம் பெரிதாக நடுவில் உட்கார்ந்திருக்கும். இங்கே உருவங்கள் கூட்டமாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவில், வரிசை கட்டி நிற்கின்றன. நாற்று நடும்போது பெண்கள் நிற்பார்களே, அப்படி. இது என் வாசிப்பு; சானோ தேவி இப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை.

பிறகு வண்ணங்கள் வந்தன, இலையிலிருந்தும் பூவிலிருந்தும் பட்டையிலிருந்தும் எடுத்தவை. சல்ஹேஷ் யானையேறி வந்தான். கணவர் ரௌதி பாஸ்வானுக்குச் சல்ஹேஷ் கதை தெரியும். இரவெல்லாம் பாட்டாக இருந்தது பகலில் படமாயிற்று.

இன்னொரு காரியம் அவர் செய்தார். தன் தெருப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வீட்டு வாசலில், மதிய நேரத்தில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கற்கிற படிப்பு. ஒருத்தி புள்ளி வைக்க, இன்னொருத்தி நிறம் கொடுக்க. கையிலே மை பிடிக்கப் பழகாத பெண்களுக்கு இந்த மொழி புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றாக இல்லை என்பதுதான் இதில் முக்கியம். மாதிரிப் படம் அவர்கள் கையிலேயே இருந்தது. குனிந்து பார்த்தால் போதும். கோத்னா பாணி ஒரு பெண்ணோடு முடியாமல் தெருவின் பாணியானது அதனால்தான்.

சாமார் சாதியைச் சேர்ந்த ஜமுனா தேவியும் அதே ஊர். அவர் பசுஞ்சாணியைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காகிதத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்தார். காகிதம் மண்சுவர் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன்மேல் கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் எழும்பி நின்றன. இன்றைக்குப் பல ஓவியர்கள், மேல்சாதி ஓவியர்களும்கூட, அந்தப் பூச்சைப் போடுகிறார்கள். சாணி புனிதம், பஞ்சகவ்யத்தில் உண்டு. அதை அள்ளும் கை மட்டும் தீட்டு. தஞ்சையில் பண்ணையார்கள் அதே சாணியைக் கரைத்து நம் ஆட்களின் வாயில் ஊற்றினார்கள், சவுக்கடியோடு. அந்தச் சாணியால் ஒரு சாமார் பெண் காகிதத்துக்குச் சுவர் கட்டினார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

*

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதையும் பேசிவிடுவோம்.

'உங்களுடையதை வரையுங்கள்' என்ற சொல்லுக்கு இரண்டு முனை. ஒரு முனை விடுவிக்கிறது. இன்னொரு முனை வேலி போடுகிறது. இன்றைக்கு மதுபனி ஓவியத்தை விளக்கும் எந்த அட்டையை எடுத்தாலும் பர்னி, கச்னி, கோத்னா என்று மூன்று பாணிகள், அடைப்புக்குறிக்குள் பிராமணர், காயஸ்தர், தலித் என்று எழுதியிருக்கும். ஆர்ச்சரின் இரண்டு சாதி மூன்றாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதிச் சான்றிதழோடு விற்கப்படும் ஓவியம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். உண்மையில் கோடுகளும் நிறங்களும் எப்போதோ தெருக்களைத் தாண்டிவிட்டன. மேல்சாதி ஓவியர் கோத்னா வரைகிறார். தலித் ஓவியர் பர்னி வரைகிறார். மேல்சாதிக்காரர் கோத்னா வரைந்தால் அது 'புதுமை'. தலித் பெண் கிருஷ்ணனை வரைந்தால் 'ஏம்மா உங்க சல்ஹேஷ் இல்லையா' என்று வாங்க வந்தவர் கேட்பார். நாம் எழுதுவதற்கும் இதே கதிதான். ஒரு தலித் காதல் கவிதை எழுதினால் 'உங்க வலி எங்க தோழர்?' என்று கேட்கிற விமர்சகர்கள் நம் நண்பர்களாகவே இருக்கிறார்கள்.

விலை விஷயத்திலும் ஒரு சண்டை நடந்தது. டில்லி வியாபாரிகள் ஒரே ராமாயணக் காட்சியை நூறு நூறாகக் கேட்டு, அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். 1970களின் பிற்பகுதியில் அங்கே வந்த ரேமண்ட் ஓவன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர், அவசரமில்லாமல் நன்றாக வரையுங்கள் என்று சொல்லி நியாயமான விலை கொடுத்தார். அமெரிக்காவில் விற்று வந்த லாபத்தையும் வரைந்தவருக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2003இல் மதுபனியில் ஒரு ஓவியப் பள்ளி தொடங்கியது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இலவசமாக. ஒரே பாயில் உட்கார்ந்து படம் வரைகிற காட்சி அந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை.

ராந்தி கிராமத்துத் துலாரி தேவியின் கதை இன்னும் வேறு மாதிரி. மீன்பிடிக்கும் மல்லா சாதி. பட்டியல் சாதி இல்லை, ஆனாலும் கீழே தள்ளப்பட்டவர்கள். மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற பெரிய ஓவியர்களின் வீடுகளில் வீட்டு வேலை செய்தவர். கூட்டிப் பெருக்கிய இடத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றார். கர்பூரி தேவி கற்றுக்கொடுக்கவும் செய்தார். பிறகு தன் வாழ்க்கையைத் தானே படமாக வரைந்தார். அந்தப் புத்தகத்தைப் பதிப்பித்தது நம் சென்னையிலிருக்கும் தாரா புக்ஸ். 2021இல் பத்மஸ்ரீ. 2025 பிப்ரவரியில் மதுரையில் பிறந்த நிதியமைச்சர் துலாரி தேவி கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வரவுசெலவுத் திட்டம் படித்தார். எல்லாப் பத்திரிகையும் சேலையைப் பற்றி எழுதியது. பாத்திரம் தேய்த்த கையைப் பற்றி ஓரிரு வரி.

விருதுக் கணக்கு என்று பார்த்தால் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ 1975இல், சீதா தேவிக்கு 1981இல், கங்கா தேவிக்கு 1984இல். கோத்னா வரையும் சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் 2024இல். நடுவில் எத்தனை வருஷம் என்று வாசகர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விருது கிடைத்தவர்களின் ஓவியமாவது பத்திரமாக இருந்ததா? கங்கா தேவி, காயஸ்தப் பெண், மாபெரும் கலைஞர். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோபர் அறையைச் சுவரெங்கும் எழுதினார். 1991இல் இறந்தார். அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அந்தச் சுவர் ஓவியத்தை அழித்துவிட்டார்கள். 2015இல் அது வெளியே தெரிந்து கூச்சல் எழுந்தது. பாதுகாப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் இடத்தில் நடந்த கதி இது. துசாத் தெருவில் ஒரு பெண்ணிடமிருந்து பத்துப் பெண்களுக்குப் போன கோடுகள் இன்னும் வரையப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

*

கடைசியாக ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. அது நம் பக்கத்துக் கணக்கு.

கோத்னாவைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர் சானோ தேவி. சரி. ஆனால் தோலில் முதலில் குத்தியவள் யார்? அந்த நட் பெண்கள். பூவை எங்கே நிறுத்துவது, மயிலுக்கு எத்தனை புள்ளி, வளைவு எங்கே திரும்பவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். அவர்களும் பீகாரில் பட்டியல் சாதி. துசாத்தைவிடக் கீழே வைக்கப்பட்டவர்கள், ஊரே இல்லாதவர்கள். கோத்னா பற்றிய கட்டுரைகளில் அவர்கள் 'பச்சை குத்தும் பெண்கள்' என்று பன்மையில் மட்டும் வருகிறார்கள். ஆர்ச்சர் நம்மை விட்டுவிட்டார் என்று மூச்சு வாங்கப் பேசுகிறோம். நாம் யாரை விட்டுக்கொண்டிருக்கிறோம்? இதை நான் வெளியாளாக நின்று கேட்கவில்லை. அம்மாச்சிக்குப் பச்சை குத்திய குறத்தியின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாச்சியும் சொன்னதில்லை. எங்கள் திண்ணையில் அந்த அம்மாவை உட்காரவைத்தார்களா, தண்ணீரை எதில் கொடுத்தார்கள் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மாச்சியைப் புதைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அந்தத் தேளை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கொடுக்கு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று ஞாபகம் வரவில்லை. ஊருக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தது. "மேல பாத்து வளஞ்சிருக்கும்ணு நெனக்கிறேன். சரியாத் தெரியலப்பா. ஏன், நீ ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு வரைஞ்சிட்டுப் போனியே, அந்த நோட்டு இல்லையா?"